யார் கையில் கம்பு? யார் கையெழுத்து?

(புதுச்சேரியில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தெட்டு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். அதற்கு முன்னும் பின்னும் சிலம்பக்காரன். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சண்டைக் கலை சொல்லித் தரலாமா, அதற்குப் பெற்றோரைக் கேட்க வேண்டுமா என்று பேச அழைத்திருக்கிறீர்கள். சிலம்பக்காரனைக் கூப்பிட்டால் "எல்லாப் பள்ளியிலும் கம்பு கொடுங்கள்" என்றுதான் சொல்வான் என்று சில தோழர்கள் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஒரு களம் இருந்தது. அங்கேதான் நான் சிலம்பம் படித்தேன். ஊர்க்கோயில் திடல் இருந்தது, நல்ல மணல் போட்ட திடல். அது எங்களுக்கு இல்லை. கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்த்தெரு வழியாக நடந்தால் "எங்கடா கிளம்பிட்டீங்க" என்று நிறுத்துவார்கள். அதனால் மாடு ஓட்டுகிறவனைப் போல, கம்பைத் தரையில் இழுத்துக்கொண்டு போவோம். வெறுங்கையோடு போனவனை யாரும் எதுவும் கேட்டதில்லை. கம்பு எடுத்துப் போனவனைத்தான் கேட்டார்கள். இந்த நாட்டில் யார் ஆயுதம் பிடிக்கலாம் என்பதற்கு ஒரு சாத்திரமே எழுதி வைத்திருந்தார்கள் என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அந்தத் தெருவில் படித்துவிட்டேன்.

எங்கள் வாத்தியார் என்னைச் சேர்த்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். நான் போய்க் கேட்டபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தாயி, உம் புள்ள கம்பு கேக்குறான். குடுக்கட்டுமா?" என்று என் அம்மாவிடம் கேட்டார். அப்பா ஆலையிலிருந்து வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்து அவரிடமும் கேட்டார். படிப்பறிவில்லாத மனிதர். சட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. அடுத்தவன் பிள்ளையின் கையில் அடிக்கும் வித்தையைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகும் ஆறு மாதம் வெறும் காலடிதான். கம்பு பிறகுதான்.

இப்போது பள்ளிக்கூடக் கதைக்கு வருகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஒரு சூன் மாதம், மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரம் இரண்டு நாள் கராத்தே, சிலம்பம் என்று நிர்வாகம் அறிவித்தது. பெற்றோருக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட போகவில்லை. வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருவார், நான் மேற்பார்வை. அவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்" என்றார்கள். கட்டணம் மட்டும் அடுத்த பருவ ரசீதில் சேர்ந்துவிட்டது.

இரண்டாவது வாரமே இரண்டு பெற்றோர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர், வீட்டு வேலை செய்யும் அம்மா. எங்கள் தெருக்காரர் மாதிரிதான். "சார், எம் புள்ளைக்கு இது வேணாம் சார்" என்றார். ஏன் என்றேன். "நாளைக்கு எவனாவது சீண்டுவான். இவன் திருப்பி அடிப்பான். அவனுங்க அடிச்சா புள்ளைங்க சண்டை சார். இவன் அடிச்சா அது கலவரம். அப்புறம் நாங்க அந்தத் தெருவுல குடியிருக்க முடியுமா?"

தோழர்களே, நான் ஐம்பது நூல் படித்திருக்கிறேன். சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் எனக்குச் சொன்னதில்லை.

மற்றவர், வண்டியில் வந்திறங்கிய ஓர் அப்பா. அவருக்குக் கராத்தே மேல் ஒரு வருத்தமும் இல்லை. "ஜோடி போடும்போது கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. உயரம் பார்த்து, எடை பார்த்துத்தானே போடுகிறோம் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் புரிந்தது. அவர் பிள்ளையை யார் பிள்ளை பிடித்துத் தள்ளலாம், யார் பிள்ளை தொட்டுத் தூக்கலாம் என்பதுதான் அவருடைய கவலை.

இரண்டும் பெற்றோரின் விருப்பம்தான். "பெற்றோர் ஒப்புதல்" என்று பொதுவாகச் சொன்னால் இந்த இரண்டு பேருக்கும் ஒரே அளவு உரிமை வந்துவிடும். அங்கேதான் எனக்குச் சிக்கல்.

இந்தச் சிக்கல் நம் ஊருக்குப் புதிதல்ல. வ.வே.சு. அய்யரை இந்தப் புதுச்சேரி நன்றாக அறியும். இலண்டனில் சாவர்க்கரோடு இருந்துவிட்டு 1910இல் இங்கே வந்து சேர்ந்து பத்தாண்டுகள் இருந்தார். இங்கேதான் வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தார். 1911 சூன் 17, மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்டார். வாஞ்சியின் சட்டைப்பையிலிருந்த கடிதம் சனாதன தருமத்தைக் காப்பதைப் பற்றித்தான் பேசியது என்பதைப் பாடநூல்கள் மென்று விழுங்கிவிடும். ஆனால் வாஞ்சி விவரம் தெரிந்த, வேலையில் இருந்த ஓர் ஆள். தன் முடிவைத் தானே எடுத்தவர். அது வேறு கதை.

நம் விவாதத்துக்கு வேண்டியது அய்யரின் இரண்டாவது கதை. புதுச்சேரியை விட்டுப் போனபின் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். தேசியக் கல்வி என்று காங்கிரசுப் பணமும் பொதுமக்கள் பணமும் போனது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு. இது வெளியே வந்து, பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் கேள்வி கேட்டபோது சொல்லப்பட்ட விடை என்ன தெரியுமா? இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் அப்படிக் கேட்டார்கள், வாக்குக் கொடுத்துவிட்டோம், மீற முடியாது! காந்தியும் அந்த இரண்டு பிள்ளைகள் இருக்கும்வரை இருக்கட்டும், இனிமேல் அப்படிச் சேர்க்க வேண்டாம் என்றுதான் சமரசம் சொன்னார். பெற்றோர் ஒப்புதல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு கொஞ்சம் சிலிர்ப்பது இதனால்தான். தமிழ்நாட்டில் பொதுவாழ்க்கையின் திசையையே மாற்றிய அந்தச் சண்டையில், தீண்டாமைக்குக் கிடைத்த கேடயம் பெற்றோரின் விருப்பம்தான்.

அப்படியானால் பெற்றோரைக் கேட்கவே வேண்டாம், பள்ளியே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிடலாமா? சில தோழர்கள் அப்படிச் சொல்கிறார்கள். "சாதி வெறி பிடித்த அப்பனிடம் எதற்கு அனுமதி?" என்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பள்ளியை நடத்துகிறவர் யார்?

1931 மார்ச்சில் பி.எஸ். மூஞ்சே இத்தாலிக்குப் போனார். ஆர்.எஸ்.எஸ். நிறுவனர் ஹெட்கேவாரின் வழிகாட்டி அவர். ரோமில் முசோலினியைச் சந்தித்தார். அங்கே 'பலில்லா' என்ற சிறுவர் அமைப்பைப் பார்த்து வியந்தார். எட்டு வயதிலிருந்தே பிள்ளைகளுக்குச் சீருடை, அணிவகுப்பு, படைப் பயிற்சி. திரும்பி வந்து 1937இல் நாசிக்கில் போன்சாலா இராணுவப் பள்ளியைத் தொடங்கினார். சின்னப் பிள்ளைகளுக்குப் போர்ப் பயிற்சி என்ற எண்ணம் நம் நாட்டில் யார் வழியாக, எங்கிருந்து வந்தது என்பதற்கு இது ஒரு முகவரி. சாகாவில் தண்டம் சுற்றும் பிள்ளைகளை இன்று நாம் பார்க்கிறோம். 2021இல் ஒன்றிய அரசு தனியார் பங்கேற்போடு நூறு சைனிக் பள்ளிகள் என்று அறிவித்ததையும் பார்த்தோம். நாளை நம் தெருப் பள்ளிக்கு ஒரு பயிற்சியாளர் "தற்காப்புக் கலை" என்ற பெயரில் வந்து, கம்போடு சேர்த்து யாரைத் தற்காக்க வேண்டும், யாரிடமிருந்து தற்காக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தால், அதைத் தடுக்க நம் கையில் என்ன இருக்கிறது? அந்த ஒப்புதல் படிவம்தான் இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

"பிரெஞ்சுக்காரன் ஊரில் இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா, அவன் பள்ளியில் எல்லாம் முற்போக்கு" என்று இங்கே ஒரு பழக்கப் பேச்சு உண்டு. அந்த ஊரிலும் இது நடந்தது. கட்டாயக் கல்வியையும் மதச்சார்பற்ற பள்ளியையும் கொண்டுவந்த 1882 மார்ச் 28 சட்டம் இருக்கிறதே, அதன் பாடப் பட்டியலிலேயே ஆண் பிள்ளைகளுக்குப் படைப் பயிற்சி, பெண் பிள்ளைகளுக்குத் தையல் வேலை என்று எழுதியிருக்கிறது. அதே ஆண்டு சூலையில் பள்ளிப் படைப்பிரிவுகள் என்று ஆணை போட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன்கள் கட்டைத் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். பத்தாண்டுக்குள் அந்தக் கூத்து அடங்கிவிட்டது. நம் ஊரில் சொல்தா வீடுகள் இருக்கின்றன. இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போய்ச் சண்டை பார்த்துவிட்டு வந்து ஓய்வூதியம் வாங்கியவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு சொல்தா தாத்தா தன் பேரனுக்குப் பெத்தாங்க் ஆடக் கற்றுக்கொடுத்தார். துப்பாக்கிப் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவார்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஈழத்தின் மீது எனக்கு இருக்கும் பற்றை இங்கே இருப்பவர்கள் அறிவீர்கள். வன்னியில் போர்க்காலத்தில் பயிற்சி பிள்ளைகள் வரைக்கும் வந்தது. பதினேழு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று 1998இல் ஐ.நா. சிறப்புப் பிரதிநிதியிடம் புலிகள் வாக்களித்தார்கள். 2003இல் யுனிசெப்போடு செயல்திட்டம் போட்டார்கள். வாக்கு காப்பாற்றப்படவில்லை. ஒடுக்கப்பட்டவர்களின் போராட்டம் நியாயமானது என்பதால் அதற்குப் பிள்ளைகளைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. நம் பக்கத்து ஆள் செய்தாலும் அதே பேச்சுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், மதப் போதனையிலோ வழிபாட்டிலோ ஒரு பிள்ளையைப் பங்கேற்க வைக்க வேண்டுமானால் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதல் வேண்டும். அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த சட்டம். ஒரு பிள்ளையின் மனதுக்குள் கடவுளைக் கொண்டுபோய் வைக்கக் கையெழுத்து வேண்டும். அதே பிள்ளையின் கைக்குள் அடியைக் கொண்டுபோய் வைக்க ஒன்றும் வேண்டாமா? கேட்காமல் செய்வது நம் ஆட்சியாளர்களுக்குப் பழகிப்போனது என்பது வேறு. 2023-24இல் நம் அரசுப் பள்ளிகளை மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாற்றினார்களே, எந்த அம்மாவைக் கேட்டார்கள்?

இப்போது எல்லோரும் மனதில் வைத்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். 2024 மார்ச்சில் நம் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி காணாமல் போய், சில நாள் கழித்துக் கழிவுநீர்க் கால்வாயிலிருந்து உடலாக எடுக்கப்பட்டாள். இந்த ஊரே தெருவுக்கு வந்தது. நானும் வந்தேன். அந்த வாரம் முழுவதும் என் கைப்பேசி ஓயவில்லை. "சார், எம் பொண்ணுக்கு உடனே கராத்தே சேக்கணும்." ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடக் கேட்டார்கள். அவர்களுடைய நடுக்கம் எனக்குப் புரிந்தது. ஆனால் உங்களிடம் ஒரு பயிற்சியாளனாக உண்மையைச் சொல்கிறேன். முப்பது கிலோகூட இல்லாத பிள்ளை, வளர்ந்த ஆணை அடித்து வீழ்த்தும் கலை உலகத்தில் எங்கும் கிடையாது. இருக்கிறது என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறவன் பொய் சொல்கிறான். அந்த வயதில் கற்றுக்கொடுக்க வேண்டியது கத்துவதற்கு, ஓடுவதற்கு, தெரிந்த மாமாவே ஆனாலும் "வேண்டாம்" என்பதற்கு, வீட்டில் வந்து சொல்வதற்கு. சொன்ன பிள்ளையை நம்புவதற்குப் பெற்றோருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். கராத்தே சேர்த்துவிட்டோம் என்ற நிம்மதியில், தெருவிளக்கையும் கஞ்சாவையும் பற்றிக் கேட்க வேண்டியவர்களை நாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம். ஒன்பது வயதுப் பிள்ளை தன்னைத் தானே காத்துக்கொள்ளட்டும் என்று அரசு நினைத்தால், அரசு எதற்கு?

வளர்ந்த பெண்பிள்ளைகள் விசயம் வேறு. கும்மியையும் கோலாட்டத்தையும் விட்டுவிட்டு, ஆண்களைத் திருப்பி அடிக்கும் அளவுக்குப் பெண்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று பெரியார் எப்போதோ எழுதிவிட்டார். இன்று ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி இருக்கிறது. சான்சி ராணி பெயரை வைத்திருக்கிறார்கள், அதை விடுங்கள். பயிற்சி நல்லது. மூன்று மாதம் போதாது என்பதுதான் என் குறை. இங்கே ஓர் அப்பா, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம், நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போற வீட்டுல கை ஓங்குவா" என்று ஒப்புதல் மறுத்தால்? அல்லது தன் சாதிக்கு வெளியே ஒருவனைத் தேர்ந்தெடுக்கும் துணிச்சல் வந்துவிடும் என்று பயந்து மறுத்தால்? அந்த அப்பாவின் கையெழுத்துக்காக நான் காத்திருக்க மாட்டேன். பதின்மூன்று வயதுப் பெண் "எனக்கு வேண்டும்" என்றால் அவள் சொல்தான் பெரிது. வீட்டிலிருந்தே அவள் தற்காத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம், அந்த வீட்டின் அனுமதியை எப்படிக் கேட்பது? நான் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவதாக உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். எட்டு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் ஒரே விதி வைக்க எனக்குத் தெரியவில்லை.

ஆண் பிள்ளைகள் பற்றிய கவலைதான் எனக்கு அதிகம். 2023 ஆகத்தில் நாங்குநேரியில், நன்றாகப் படிக்கும் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு படித்த பிள்ளைகள். காப்பாற்றப் போன தங்கையையும் வெட்டினார்கள். 2025 மார்ச்சில் சிறீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்பு மாணவனின் விரல்கள் வெட்டப்பட்டன. கபடியில் அவன் நன்றாக ஆடியதுதான் ஆத்திரத்துக்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. விளையாட்டுத் திடலில் தோற்றால் பொறுக்க முடியாத அளவுக்குச் சாதியை ஊட்டி வளர்த்துவிட்டு, அதே பிள்ளைகளுக்கு அடிக்கும் கலையையும் பள்ளியே கற்றுக்கொடுத்தால் யார் கை ஓங்கும், யார் விரல் போகும்? நாங்குநேரிக்குப் பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. எல்லாச் சமூகப் பிள்ளைகளும் சேர்ந்த சமூக நீதி மாணவர் படை வேண்டும் என்றது. அணிவகுப்பு உண்டு அதில், ஆனால் எதற்காக என்ற கேள்விக்கு முதலில் விடை இருந்தது. கயிற்றை அவிழ்க்காத கையில் கம்பைக் கொடுக்கக் கூடாது.

"அய்யன்காளி இளைஞர்களுக்கு அடிமுறை பழக்கவில்லையா? அம்பேத்கர் சமதா சைனிக் தள் வைக்கவில்லையா?" என்று ஒரு தோழர் வரும்போதே வாசலில் கேட்டார். வைத்தார்கள். அவர்கள் சேர்த்தது தெரிந்து வந்த இளைஞர்களை. அய்யன்காளி எட்டு வயதுப் பிள்ளைக்காகப் போராடியது பள்ளிக்கூட வாசல் திறக்க. பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். அடி வாங்கவும் கொடுக்கவும் பெரியவர்கள் வெளியே நின்றார்கள். பிள்ளை உள்ளே பலகையில் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனையும்.

அந்தப் பள்ளியில் நான் என்ன செய்தேன் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். நிர்வாகத்தோடு சண்டை போட்டு ஒரு படிவம் கொண்டுவந்தேன். பயிற்சியாளர் யார், எந்த அமைப்பு, என்ன சொல்லித் தருவார், அடிபட்டால் யார் பொறுப்பு, எவ்வளவு கட்டணம், எல்லாம் தமிழில் எழுதியிருந்தது. கீழே பெற்றோர் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் பிள்ளைக்கு ஒரு கட்டம், "எனக்கு விருப்பம் / விருப்பம் இல்லை." பெரிய எழுத்தில் ஒரு வரியும் போட்டேன்: யாரோடு யார் சேர்ந்து பயிற்சி செய்வது என்பதில் பெற்றோர் விருப்பம் கேட்கப்பட மாட்டாது. வண்டியில் வந்த அப்பா படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டார். மூன்றாவது மாதம் அந்தப் பயிற்சியாளரும் வருவதை நிறுத்திவிட்டார். அமைப்பின் பெயரை எழுத அவருக்கு விருப்பம் இல்லை.

அந்த அம்மா படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "வேணாம்னு எழுதுனா எம் புள்ளைய வெளிய நிக்க வச்சிருவீங்களா சார்?" என்று கேட்டார். வைக்க மாட்டேன் என்றேன். அவன் கையில் விசிலையும் கடிகாரத்தையும் கொடுத்தேன். நேரம் பார்த்து ஊதுவது அவன் வேலை. ஐந்தாம் வகுப்பு முடியும்வரை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அவன் ஊதினால்தான் தொடங்கினார்கள், அவன் ஊதினால்தான் நிறுத்தினார்கள். அவன் கம்பைத் தொடவே இல்லை. இப்போது இலாசுப்பேட்டையில் பாலிடெக்னிக் படிக்கிறான். அவன் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு நான் கேட்டது சரியா, இன்றைக்கு நான் பேசியது சரியா என்று அவர் சொல்லட்டும். ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.